கனத்த நாற்காலியும் புதிய மீனும்

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் எடைமேடை பார்த்துவந்த ஜஹாங்கீர் பாய் இறந்து அடக்கமான பிறகும், தண்டையார்பேட்டை வீட்டில் அவர் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியின் எடை எண்பத்திரண்டு கிலோவாகவே இருந்தது. பாய் எழுபத்தொன்பது, நாற்காலி மூன்று. கூடத்தைப் பெருக்கும்போது மகள் அனம்தான் முதலில் கவனித்தாள். துக்கம் கேட்க வந்த மார்க்கெட் ஆட்கள் தொழில் புத்தியில் ஒரு தராசை வரவழைத்து, கடப்பாரையால் நெம்பி நாற்காலிக் கால்களுக்கு அடியில் செருகிப் பார்த்தார்கள். உயிரோடு இருந்தபோது எவ்வளவோ அவ்வளவுதான், தேய்மானம் இல்லை என்று திருப்தியாகச் சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார்கள். சும்மா விட்டால்தான் அந்த எடை. இடம் மாற்றலாமென்று யாராவது கைவைத்தால் கனம் ஏறியது. எழுந்திருக்கச் சொன்னால் கனத்துப்போகும் சுபாவம் பாய்க்கு முன்பே உண்டு என்பதால் தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பாயின் மனைவி ரஹீமுன்னிசா, கணவனை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தாவில் இருந்தாள். நான்கு மாதம் பத்து நாள் வெளியே போகக்கூடாது, வெளி ஆண்கள் முன்னால் வரக்கூடாது. போவதற்கோ வருவதற்கோ அவளுக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அழுகை வரும் என்று சொந்தக்காரர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார்கள். வராததால் அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். ஒருநாள் தோசைக்கல்லில் கையை வைத்தபடி நின்றிருந்தாள். கருகல் நாற்றம் வந்த பிறகுதான் அது தன் கை என்று தெரிந்தது. மருந்து போட்டுக்கொண்டு மிச்ச மாவையும் ஊற்றி முடித்தாள்.

நாற்காலிக்கு நேர் எதிரே நாலடி மீன்தொட்டி. அதில் ஒரேயொரு கறுப்பு ஆஸ்கர் மீன், விரித்த கை அளவு. துறைமுகத்துக்குப் போகும் ட்ரெய்லர் லாரிகளால் தொட்டித் தண்ணீர் நாள்முழுக்க நடுங்கும். மீன் அதைச் சட்டை செய்யாமல் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருக்கும்.

மூன்றாம் மாதம் கொளத்தூரிலிருந்து மீன்கடைக்காரன் பகலவன் ஒரு பையில் தண்ணீரும் அதற்குள் ஆரஞ்சு நிறப் பேரட் மீனுமாக வந்தான். வாயை முழுசாக மூடத் தெரியாத மீன்.

“பாய் சொல்லி வச்சதுக்கா. கொஞ்சம் பெருசாவட்டும்னு நானே வளத்துகினு இருந்தேன். விசயம் இப்பத்தான் தெரியும்.”

“எடுத்துகினு போப்பா,” என்றாள் ரஹீமுன்னிசா, திரைக்குப் பின்னாலிருந்து. “இருக்கிற ஒண்ணையே பாக்க ஆளில்ல.”

“இன்னொரு தபா கொளத்தூர் வரைக்கும் தாங்காதுக்கா. வயிலயே பூடும்.”

“சரி, வச்சிட்டுப் போ.”

அவன் முறை சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனான். அனம் அப்படியே செய்தாள். தொட்டியின் சூடும் பையின் சூடும் ஒன்றாகட்டும் என்று பையைத் தண்ணீரில் மிதக்கவிட்டாள். தொட்டித் தண்ணீரைத் தம்ளரால் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்தாள். பழைய மீனுக்குத் தன் இடம் எதுவென்று மறக்க வேண்டும் என்பதால் கற்களையும் பானையோட்டையும் இடம் மாற்றி வைத்தாள். விளக்கை அணைத்து, பழசுக்கு முதலில் தீனி போட்டு, அது தின்னும்போது புதுசை விட்டாள். ஆஸ்கர் தின்று முடித்தது, திரும்பி நாற்காலியைப் பார்த்தது, நேராகப் போய்ப் பேரட்டின் வாலில் பாதியைக் கடித்துத் துப்பியது. நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்தார்கள். முட்டி முட்டி அதையும் சாய்த்தது.

பகலவன் மறுபடி வந்து கொஞ்ச நேரம் குந்திப் பார்த்தான்.

“ரெண்டும் சிச்லிட் ஜாதிக்கா, இடத்துக்காக உயிரை உடும். உள்ள நீங்க மாத்தினது சரி. ஆனா இது கண்ணாடி வயியா வெளிய பாத்துகினு கீது. அந்த சேர் அங்க இருக்கிற வரைக்கும் இடம் மாறலன்னு தான் நெனைக்கும்.”

தொட்டியை நகர்த்தினால் கண்ணாடி விரிசல் விடும். ஆகவே நாற்காலியை நகர்த்த, மார்க்கெட்டில் பாரம் தூக்கும் துரை ஆட்களோடும் செயின் பிளாக்கோடும் வந்தான். கூடத்து மேல்தளக் கொக்கியில் சங்கிலியை மாட்டி இழுத்தார்கள். தள்ளியவன் ஒரு டன் என்றான், இழுத்தவன் மூன்று என்றான்.

“பாய், ஒரு தபா எயுந்துக்கோ பாய், முடிஞ்சிது வேலை,” என்று துரை கெஞ்சினான். “பேஜாரு பண்ணாத.”

கொக்கி பிடுங்கிக்கொண்டு வந்தது. கீழ் வீட்டுச் சொக்கம்மாள் படியேறி வந்தாள்.

“யம்மா அனம், எங்க சீலிங்கு தொங்கிகினு கீது. நைனாவைக் கொஞ்சம் பொறுமையா குந்தச் சொல்லு.”

மறுநாள் மத்தியானம் பேரட் மீன் ஒருக்களித்துக் கிடந்தது. செவுள் மட்டும் அசைந்தது. ரஹீமுன்னிசா தொட்டிக்கு முன்னால் நின்று அதன் மூடாத வாயையே பார்த்தாள்.

“வுட்டுடும்மா,” என்றாள் அனம். “அது பொயைக்காது.”

“அவரு கேட்ட சாமான் இந்த வூட்ல வீணாப் போனதில்ல,” என்றாள் ரஹீமுன்னிசா.

ஜன்னல்களைச் சாத்தினாள். விளக்கை அணைத்தாள். டீ போட்டு, பாய் முக்கிச் சாப்பிடும் பொறையையும் எடுத்துக்கொண்டு படுக்கை அறைக்குப் போய், இரும்புக் கட்டிலின் ஜன்னல் ஓரமாக ஸ்டூலில் வைத்தாள். பிறகு கூடத்துக்கு வந்து, பால் பாக்கெட் வாங்கிவரச் சொல்லும் குரலில் சொன்னாள்:

“உள்ள வந்து குந்துங்க. டீ ஆறுது. இங்க புதுசா ஒண்ணு வந்துகீது, பயந்துகினு கீது.”

லாரி ஒன்று கடக்கிற நேரம் காத்திருந்தாள். பிறகு நாற்காலியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு போய் மாடிப்படியில் வைத்தாள். உள்ளே கட்டில் முனகியது. ஜன்னல் பக்கம் அப்படியே தாழ்ந்தது. அனம் எட்டிப் பார்த்தாள்; காய்ந்த துணி எடுக்க வேண்டியிருந்ததால் மாடிக்குப் போனாள்.

ஆஸ்கர் அன்று முழுக்க வழி தவறியது போல் தொட்டியைச் சுற்றியது. மறுநாள் வலது மூலையைத் தனக்கென்று பிடித்தது. பானையோட்டுப் பக்கத்தைக் கேட்கவில்லை. அங்கே பேரட் நிமிர்ந்து நின்று தீனி எடுத்தது. வால் வளர்ந்தது.

இத்தா முடிந்தது. ரஹீமுன்னிசா கடைக்குப் போனாள், வந்தாள். விருந்தாளிகள் வந்தால் கட்டிலில் எந்தப் பக்கம் உட்காரக் கூடாது என்று அனம் சொல்லிவிடுவாள். அவர்களும் ஏனென்று கேட்காமல் மறுபக்கம் உட்கார்ந்துகொள்வார்கள். படுக்கும்போது ரஹீமுன்னிசா பள்ளத்துக்கு உருண்டுவிடாமல் இருக்கத் தன் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூங்கப் பழகினாள். மழைக்காலம் முழுக்க அப்படித்தான் தூங்கினாள். தை மாதத்தில் ஒருநாள் கை வலித்தது. வலிக்கிறது என்று தெரிந்ததும் அவள் கம்பியை விட்டாள். மிச்சத்தைக் கட்டிலின் சரிவு பார்த்துக்கொண்டது.