ரத்னாபாய் நின்ற இடம்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவின் ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டும் பெண்கள் உட்காரக் கூடாது. ஆள் வராத நேரத்திலும் கூடாது. முதலாளிக்கு முட்டிவலி, அவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். இசக்கிசெல்வி தன் நாவலை நின்றபடியேதான் எழுதினாள். சேலையை மடிக்கும்போது மனதுக்குள் ஒரு வரி ஓடும். அடுத்த சேலையை மடிப்பதற்குள் அது சரியாகிவிடும். வீட்டுக்கு வந்ததும் அடுப்புத் திட்டில் தாளை வைத்து, குழம்பு கொதிக்கக் கொதிக்க நின்றுகொண்டே எழுதித் தீர்ப்பாள். உட்கார்ந்தால் வரி வராது, கால்தான் பரபரக்கும்.

கதாநாயகி ரத்னாபாய்தான். மார்த்தாண்டத்துக்காரி, பல வருடமாகப் பக்கத்துக் கவுண்டரில் நிற்பவள். அவளுக்குத் தெரியாமல் ஒன்றும் எழுதவில்லை. மத்தியானம் பின்கட்டில், துணிமூட்டைகள்மேல் இருவரும் உட்கார்ந்து சாப்பிடும்போது, புதிதாக எழுதியதை இசக்கிசெல்வி வாசித்துக் காட்டுவாள்.

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலியா பிள்ளே? பக்கம் நூறாச்சே."

"பொறு அக்கா. நல்ல மாப்பிள்ளையா பாக்கண்டாமா?"

"நெஜத்துல வந்தது மாதிரி ஒரு குடிகாரனக் கொண்டாந்து நிறுத்தீராத, கேட்டியா?" ரத்னாபாய் சோற்றுக் கையோடு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள்.

இரண்டு பதிப்பகங்கள் நாவலைத் திருப்பி அனுப்பின. நாகர்கோவிலில் சின்ன அளவில் புத்தகம் போட்டுவந்த வன்னியராஜ் மட்டும் போடுவதாகச் சொன்னார். ஆனால் முடிவு பிடிக்கவில்லை என்றார்.

"சப்புன்னு இருக்கும்மா. ஓணக் கூட்டத்துல, சேலைய விரிச்ச கையோட அவ விழுந்து சாகணும். வாசிக்கவன் ஆடிப்போகணும்லா?"

இசக்கிசெல்விக்கு எரிச்சலாக வந்தது. அந்த மனிதர் சொல்வது சரியென்று பட்டதால் வந்த எரிச்சல். ஒரே மூச்சில் கதாநாயகியைக் கொன்று தபாலில் அனுப்பினாள். அந்த அத்தியாயத்தை மட்டும் மூட்டைமேல் உட்கார்ந்து ரத்னாபாய்க்கு வாசித்துக் காட்டவில்லை.

2003 ஓணத்துக்குக் கடையில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். ஜரிகைக் கரை போட்ட கசவுச் சேலையை விரித்துக்கொண்டிருந்த ரத்னாபாயின் காலில், நின்று நின்றே வெகுநாளாகச் சுருண்டு புடைத்திருந்த நரம்பு உடைந்தது. சேலைக் கரையெல்லாம் ரத்தம். அவள் சாய்ந்துவிட்டாள்.

இசக்கிசெல்விக்குக் கருநாக்கு என்று வீட்டில் சின்ன வயதிலிருந்தே பேச்சு. அவள் சொன்ன கெட்டது பலிக்குமாம். "பஸ் நின்னுருமோ" என்று அவள் வாய்திறந்தால் வண்டி வழியில் நின்றுவிடுமாம். கேலியென்றே இத்தனை நாள் தள்ளிவிட்டவள், இன்று ஆஸ்பத்திரி வாசலிலிருந்து எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினாள்.

"அண்ணாச்சி, முடிவ மாத்தணும். அவ சாகக் கூடாது."

"அச்சடிச்சாச்சேம்மா. பைண்டிங்குக்குப் போயிட்டு."

"கடேசிப் பக்கத்தக் கிழிச்சாவது எறிங்க!"

"ஒனக்கென்ன கிறுக்கா?" வன்னியராஜ் போனை வைத்துவிட்டார்.

அவளுக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கும் பூத்துக்குமாக நடந்தாள். நர்ஸ் முறைத்ததையும் பொருட்படுத்தவில்லை. இனி ஒரு வரி எழுத மாட்டேன், அக்கா பிழைத்தால் போதும் என்று தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள். ரத்னாபாய்க்காக ஏசுவையும் கூப்பிட்டாள்.

ரத்னாபாய் பிழைத்துக்கொண்டாள்.

புத்தகம் வந்தபோது அவள் கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் தூக்கிவைத்து வீட்டில் படுத்திருந்தாள். கடைசித் தாளைக் கிழித்துவிட்டுக் கொடுக்கலாமா என்று இசக்கிசெல்வி யோசித்தாள். கிழிக்காமலே கொடுத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனவள் கதவோரமே நின்றுகொண்டாள்.

"முழுசும் வாசிச்சேன்" என்றாள் ரத்னாபாய்.

"அக்கா, அந்தக் கடேசி..."

"செத்ததுல சங்கடமில்ல பிள்ளே. எல்லாரும் சாவத்தான் செய்வோம். ஆனா மொதல் பக்கத்துலேருந்து நான் நிக்கேன். நின்னே சாவுதேன். மத்தியானம் மூட்டமேல இருந்து ஒனக்க கதையக் கேட்டுச் சிரிச்சோம்லா? அது எங்க?"

இசக்கிசெல்வி மனதுக்குள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். இல்லை. அதை எழுத வேண்டுமென்று ஒருநாளும் தோன்றியதில்லை. இனி எழுத மாட்டேன் என்று வேண்டிக்கொண்டதுகூட அந்நேரம் நினைவில் இல்லை.

"அடுத்த பதிப்புல சேத்துருதேன் அக்கா."

"செத்தவள எங்க கொண்டுபோய் இருத்துவ?" ரத்னாபாய் வலிக்கிற காலை மெல்ல நகர்த்திக் கட்டிலில் இடம் விட்டாள். "நீயாவது இரி."

இசக்கிசெல்வி உட்கார்ந்தாள்.