பானட்டுக்குள் முனியப்பன்

பெட்ரோல் போட்டு முடித்துச் சாவியைத் திருப்பினாள் சித்ரா. வண்டி 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிட்டது. மறுபடியும் திருப்பினாள். மறுபடியும் ஒரு டக். பின்னால் நின்ற மினி லாரிக்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவேயில்லை. பங்கில் வேலை செய்யும் இரண்டு பேர் சொல்லாமலே வந்து காரின் பின்பக்கம் தோள் கொடுத்தார்கள். இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை, அவர்களுக்குப் பழகிவிட்டது. தள்ளினால்கூடப் பரவாயில்லை. எதிரே டீக்கடையில் கண்ணாடி தம்ளரும் கையுமாக வெங்கடாசலம் நின்று பார்த்துக்கொண்டிருந்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அவள் வீட்டுக்காரனுக்கு அண்ணன், அடுத்த வீட்டிலேயே குடியிருப்பவர். டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு ஆடி அசைந்து ரோட்டைத் தாண்டி வந்தார்.

"பொம்பளைங்க கைக்கு இது ஒத்துவராதுன்னு நானும் அஞ்சு மாசமாச் சொல்லிட்டு இருக்கறேன். ஆரு கேக்கறா?" என்றார், அவளிடம் இல்லை, பங்க்காரர்களிடம்.

வண்டி தள்ளலில் உறுமிக் கிளம்பியது. சித்ரா திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அவள் வீட்டுக்காரன் அன்பழகனுக்கு ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் லாரியில் வேலை. திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆம்பளைகள் பாதிப்பேரைப் போல அவனும் வருஷத்தில் எட்டு மாதம் சத்தீஸ்கரில் மண்ணைத் துளைத்துக்கொண்டிருப்பான். அவன் ஆசை ஆசையாக வாங்கிய வெள்ளைக் கார் வாசலில் படுதா போர்த்திப் படுத்துக்கிடந்தது. சித்ரா ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்ஸ் வாங்கி, ஒருநாள் அந்தப் படுதாவை உருவிப் போட்டாள். அவள் வேலை செய்யும் கோழிப்பண்ணை நாமக்கல் ரோட்டில் பதினெட்டு கிலோமீட்டர். தீனி வண்டி ஐந்தரைக்கு வந்துவிடும்; முதல் பஸ் ஆறே முக்காலுக்கு. ஐந்தரைக்கு அங்கே நிற்க முடிந்ததால்தான் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தவளை மூன்று கோழிக் கொட்டகைக்குச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். வண்டி போனால் அந்த நாற்காலியும் போகும். இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் பேசினார்கள்.

செய்யாத வைத்தியம் இல்லை. புது பேட்டரி மாற்றியாயிற்று. மெக்கானிக் சின்னண்ணன் வண்டியைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டாரைக் கழற்றி, துடைத்து, மாட்டிப் பார்த்துவிட்டார். அவர் பட்டறைக்குப் போனால் மட்டும் வண்டி மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி அடக்க ஒடுக்கமாக இருக்கும். இருபது தடவை திருப்பினாலும் இருபது தடவையும் எடுக்கும். "எங்கிட்ட வந்தா நல்லாத்தான இருக்குது? நீங்க எப்புடித் திருப்பறீங்க?" என்று அவர் கேட்டபோது சித்ராவுக்கு ஸ்பேனரைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. சாவியைத் திருப்புவதில் ஆம்பளைத் திருப்பு, பொம்பளைத் திருப்பு என்று இரண்டு வகை உண்டா என்ன?

அன்றைக்குச் சாயங்காலமே அன்பழகன் போன் பண்ணினான். பின்னால் கம்பிரசர் இரைந்தது.

"அண்ணன் வண்டிய விக்கப் பார்ட்டி பாத்துட்டாப்ல. ஞாயித்துக்கெழமை பத்து மணிக்கு வாராங்களாமா. சாவியக் குடுத்துரு."

"என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நின்னு நின்னு போற வண்டிய வெச்சுட்டு என்ன பண்றது?"

"நிக்கலீங்க. ஓடற வண்டி ஒருநாளும் நின்னதில்ல. நிறுத்தினாத்தான் சில நேரம் எடுக்க மாட்டீங்குது. ரெண்டும் வேற வேற."

"எல்லாம் ஒண்ணுதான் போ," என்றான் அவன்.

ஒன்றில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவன் பேச்சைவிட அந்த அலட்சியம்தான் சுருக்கென்று தைத்தது. பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியவளிடம் சாவியைக் குடு என்கிறான், கடனுக்கு வாங்கிய கரண்டியைத் திருப்பிக் கேட்பது போல. குடுக்க மாட்டேன் என்று அப்போதே வாய்விட்டுச் சொன்னாள். அதற்குள் அவன் போனை வைத்திருந்தான்.

பண்ணையில் முட்டை குறைந்தால் கோழியைத் திட்டிப் பிரயோசனமில்லை. கொட்டகை வாசலில் தொங்கும் அட்டையை எடுத்துப் பார்ப்பார்கள். தீனி எத்தனை, தண்ணீர் எத்தனை, விளக்கு எத்தனை மணி, வெக்கை எவ்வளவு. எல்லாம் தினமும் எழுதியிருக்கும். எந்த நாளில் எது மாறியது என்று தேடினால் கோளாறு தானாக எழுந்து வந்து நிற்கும். சித்ரா ஒரு மாதமாகக் காருக்கும் அப்படி ஓர் அட்டை போட்டிருந்தாள். கோழித்தீனிக் கம்பெனி கொடுத்த அட்டையேதான், 'இறப்பு' என்று அச்சடித்திருந்த கட்டத்தில் வண்டி எடுக்காத நேரங்கள். அன்று ராத்திரி சோறு வெந்துகொண்டிருக்கும்போது அதை அடுப்படியில் விரித்து உட்கார்ந்தாள். வீட்டிலிருந்து காலையில் கிளம்பும்போது ஒருநாளும் தகராறில்லை. தார் ரோட்டில் போய் நிறுத்தினாலும் அநேகமாக இல்லை. பண்ணைக்குப் போகும் குண்டும் குழியுமான மண் பாதையில் குலுங்கி வந்து நிறுத்தினால்தான் டக். பெட்ரோல் பங்க் வாசலிலும் ரோட்டை நோண்டிப் போட்டிருக்கிறார்கள். விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, செல்ஃப் மட்டும் இல்லை. ஓரத்தில் அவளே பொடி எழுத்தில் கிறுக்கி வைத்திருந்தாள்: பானட்டைத் தூக்கி ஓங்கி மூடியதும் எடுத்தது. நான்கு இடத்தில் அப்படி இருந்தது.

ஓங்கி அடித்தால் புத்தி வர பேட்டரி என்ன, பள்ளிக்கூடத்துப் பையனா? எங்கேயோ ஒன்று தொட்டும் தொடாமலும் இருக்கிறது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை பண்ணைக்குப் போனதும் வண்டியை நிறுத்தித் திருப்பிப் பார்த்தாள். டக். வாழ்க்கையில் முதல் முறையாக அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாள். போன கோடையில் ஜெனரேட்டர் மக்கர் பண்ணியபோது எலக்ட்ரீஷியன் செய்ததை அவள் பக்கத்தில் நின்று பார்த்திருந்தாள். ஜெனரேட்டர் ரூமில் கிடந்த தடித்த ஒயரை எடுத்து வந்தாள். ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில் கவ்வ விட்டாள், மறு முனையை இஞ்சின் இரும்பில். சாவியைத் திருப்பினாள். அரைச் சுற்றில் எடுத்தது. ஒயரைக் கழற்றிவிட்டு நிறுத்தித் திருப்பினாள், டக். ஒயரை வைத்தாள், எடுத்தது. ஆறு தடவை மாற்றி மாற்றிச் செய்தாள். பேட்டரியில் குற்றமில்லை, செல்ஃபில் குற்றமில்லை, அவள் கையிலும் குற்றமில்லை. பேட்டரியிலிருந்து வண்டியின் உடம்புக்குப் போகிற கறுப்பு எர்த் ஒயரில்தான் கோளாறு.

அந்த ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனாள். அது போய் முடிகிற போல்ட்டில் கை நின்றது. போல்ட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே, எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சளும் ஏறி, ஒரு கறுப்புக் கயிறு மூன்று சுற்றுச் சுற்றி நசுங்கிக் கிடந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. அவள் முதன்முதலாக வண்டியை எடுத்த அன்று, மாமியார் பெருமாயி ஊர் முனியப்பன் கோயிலில் மந்திரித்துக் கொண்டுவந்த கயிறு. பொம்பளை ஓட்டுகிற வண்டி, நாலு கண் படும், ஆபத்து அண்டக்கூடாது என்று பூசாரியிடம் கேட்டு வாங்கியது. வெளியில் கட்டினால் வெயிலில் இத்துப்போகும், உள்ளே கட்டிவிடு என்று பெரிய மகனிடம் கொடுத்தாள். பானட்டைத் திறந்து ஸ்பேனரும் கையுமாக வெங்கடாசலம் அரைமணி நேரம் குனிந்திருந்தது சித்ராவுக்கு இப்போது நன்றாக ஞாபகம் வந்தது.

அங்கேயே கழற்றியிருக்கலாம், இரண்டு நிமிஷ வேலை. அவள் பானட்டை மூடினாள். இதை யாருக்கும் தெரியாமல் சரிசெய்தால், தானாகச் சரியாகிவிட்டது என்பார்கள். எல்லாரும் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வெங்கடாசலம் சங்ககிரி கோகுல்ராஜைப் பைக்கில் கூட்டிக்கொண்டு வந்தார். பழைய வண்டி வாங்கி விற்கும் இளவட்டம். வந்தவன் சக்கரத்தை உதைத்துப் பார்த்தான், கதவை அறைந்து பார்த்தான். சித்ரா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பானட்டைத் தூக்கினாள். அவள் கையில் பத்தாம் நம்பர் ஸ்பேனர் இருந்தது.

"அத்தை, சித்த இங்க வாங்க. மாமா, நீங்களுந்தான்."

பெருமாயி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சித்ரா ஸ்பேனரைப் போல்ட்டில் வைத்ததும் பதறிவிட்டாள்.

"அய்யோ, அதத் தொடாத அம்மிணி! முனியப்பன் கயிறு! அத அவுத்தா என்ன ஆகும்னு தெரியுமா?"

"வண்டி ஸ்டார்ட் ஆகும் அத்தை."

"வெளயாடாத சாமி. அது காவலுக்குக் கட்டுனது."

"காவலுக்குக் கட்டுனது எங்க இருக்குதுன்னு நீங்களே பாருங்க. கரண்ட் போற எடத்துல, இரும்புக்கும் இரும்புக்கும் நடுவுல வெச்சு முறுக்கி இருக்குது. ரெண்டும் ஒட்டுனாத்தான் வண்டி எடுக்கும். நடுவுல நூல் இருந்தா எப்புடி ஒட்டும்?"

வெங்கடாசலம் தொண்டையைச் செருமினார். "கயித்தால எல்லாம் வண்டி நிக்குமா? ஓட்டத் தெரியாதவங்க ஆயிரஞ் சொல்லுவாங்க."

சித்ரா ஸ்பேனரை அழுத்தித் திருகினாள். போல்ட்டைக் கழற்றினாள். நசுங்கிய கயிற்றை உரித்து எடுத்து, இரண்டு கையாலும் ஏந்தி மாமியாரிடம் கொடுத்தாள். பெருமாயி அதை வாங்கிப் பார்த்தாள். முடிச்சு அறுந்து, கரி ஏறி, சப்பையாகிக் கிடந்தது. அவள் முகம் மாறியது.

"ஏன்டா, நான் கட்டத்தானச் சொன்னேன்? சாமி கயித்தப் போல்ட்டுக்கு அடியில போட்டு நசுக்கச் சொன்னனா?"

"கட்ட எடம் இல்லைம்மா. அதான் அப்புடி..."

"எடமில்லீன்னா எங்கிட்டத் திருப்பிக் குடுக்கறது. அவளச் சொன்ன நீ, ஒரு முடிச்சுப் போடத் தெரியலியே!"

சித்ரா உப்புத்தாளால் தகட்டைத் தேய்த்தாள். துரு உதிர்ந்து வெள்ளி போலப் பளிச்சென்று ஆனது. ஒயரை வைத்து இறுக்கினாள். உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள், எடுத்தது. நிறுத்தினாள், திருப்பினாள், எடுத்தது. தெருமுனைவரை ஓட்டிப்போய்த் தோண்டிப்போட்ட குழாய்ப் பள்ளத்தில் வேண்டுமென்றே இறக்கி ஏற்றிக் குலுக்கிக்கொண்டு வந்து, ரிவர்ஸில் வாசலுக்குள் ஏற்றி நிறுத்தித் திருப்பினாள். எடுத்தது. ஒரு மாதமாகத் தன் கையைத் தானே சந்தேகப்பட்டவள் அவள். அந்தச் சந்தேகம் போனது உடம்புக்கே தெரிந்தது.

முதலில் வாயைத் திறந்தது கோகுல்ராஜ்தான். "இப்ப நல்லாத்தான இருக்குது? நான் கோளாறு வண்டின்னுல்ல நெனச்சேன். எடுத்துக்கறனுங்க."

வெங்கடாசலத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வேகமாகப் போய்ப் பைக்கை உருட்டி வந்து கேட்டுக்குக் குறுக்கே போட்டுப் பூட்டினார். "அப்பறமென்ன? பேசி முடிச்சறலாம். வண்டிய நிறுத்து அம்மிணி." போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். கம்பிரசர் இரைந்தது.

"சித்ரா," என்றான் அன்பழகன், "அண்ணன் சொல்றதக் கேளு. சாவியக் குடு."

"கோளாறுன்னு விக்கறதாச் சொன்னீங்க. கோளாறு என்னன்னு கண்டுபுடிச்சாச்சு, சரியும் பண்ணியாச்சு. இனி என்ன சொல்லி விப்பீங்க?"

அவள் கார்க் கதவைத் திறந்து போன் பக்கம் சாய்ந்தாள்.

"நான் குடுக்கறதில்லீங்க. உங்களுக்கு ஓணும்னா லீவு போட்டு வந்து, என் மூஞ்சியப் பாத்துக் கேளுங்க. அப்பவும் இதத்தான் சொல்லுவேன்." பிறகு கோகுல்ராஜைப் பார்த்தாள். "தம்பி, வந்ததுக்கு மோர் குடிச்சுட்டுப் போங்க. வண்டி விக்கறதில்ல."

கோழிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. பதினோரு மணி முட்டை எடுப்புக்கு அவள் பண்ணையில் இருக்க வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு பெல்ட்டைப் போட்டாள். முன்னால் கேட், கேட்டுக்குக் குறுக்கே பைக், பைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு வெங்கடாசலம். ஹாரன் அடிக்கவில்லை அவள். இஞ்சினை நிறுத்தவும் இல்லை. டேங்கில் பெட்ரோல் நிறைய இருந்தது. இஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. சூடேறி ரேடியேட்டர் ஃபேன் சுற்றியது, நின்றது, மறுபடியும் சுற்றியது. கோகுல்ராஜ் மோருக்குக் காத்திருப்பதா கிளம்புவதா என்று தெரியாமல் வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டான்.

பெருமாயி கயிற்றைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். காரைப் பார்த்தாள், உள்ளே இருந்தவளைப் பார்த்தாள். கயிற்றை அவிழ்த்த கோபம் முகத்தில் அப்படியே இருந்தது. நேராகக் கேட்டுக்கு நடந்தாள். பைக்கின் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தாள். அது அசையவில்லை.

அவள் பெரிய மகனுக்கு முன்னால் போய் நின்று உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

"என்னம்மா?" என்றார் வெங்கடாசலம்.

"சாவி," என்றாள் பெருமாயி. நீட்டிய கையை மடக்கவில்லை.