முதல் ஈடு

எனக்கு வாய் நீளம். மறைப்பானேன்? நெய்வேலியில் எங்கள் பிளாக்குக்குப் பால் ஊற்றுகிறவர், பஸ் கண்டக்டர், மந்தாரக்குப்பம் காய்கறிக்காரர் என்று இயேசுவைப் பற்றி நான் பேசாத ஆள் கிடையாது. பக்கத்து குவார்ட்டர்ஸ் புவனாவிடம் மட்டும் ஆறு வருஷமாக வாய் எழும்பவில்லை. முன்பின் தெரியாதவர் முகம் சுளித்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். இவள் சுளித்துவிட்டால் மறுநாள் யாரிடம் போய்க் கறிவேப்பிலை கேட்பது?

அதற்கு நான் ஒரு குறுக்குவழி வைத்திருந்தேன். பண்டம் வந்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தரக்கூடாது அல்லவா? ஊரில் எல்லோரும் ஒரு பிடி சர்க்கரை போட்டுக் கொடுப்பார்கள். நான் சபையில் தந்த, இயேசுவைப் பற்றி அச்சடித்த கைப்பிரதியை மடித்துப் போட்டுக் கொடுப்பேன். அவள் எதுவும் கேட்டதில்லை. நானும் விட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு அவள் கொடுக்கும் அதிரசத்தை நான் ஒரு தடவைகூட வாயில் வைத்ததில்லை. சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடக் கூடாது என்று வளர்ந்தவள் நான். சிரித்துக்கொண்டே வாங்குவேன். எங்கள் இரண்டு வீட்டிலும் வேலை செய்யும் வீராயியிடம் அப்படியே தள்ளிவிடுவேன். மறுநாள் புவனாவிடம், "அதிரசம் அருமை போ!" என்பேன். பொய்தான்.

இந்த வருஷம் நவம்பர் கடைசியில் புவனாவின் கணவர் பாலகுமாருக்கு ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்து சொந்த ஊரான தென்காசிக்கே போகிறார்கள் என்றதும் எனக்குப் பகீர் என்றது. ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்லாமல் அனுப்பினால் நான் என்ன விசுவாசி? தீபாவளியன்று எப்படியும் சொல்லிவிடுவது என்று நாலு நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

"நல்ல நாளும் அதுவுமா அவகிட்டப் போய்ப் பிரசங்கம் பண்ணாத. உன் வாய்க்கு ஒருநாள் வீக்லி ஆஃப் குடு," என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் செல்வகுமார் காலை ஷிப்டுக்குக் கிளம்பினார். அந்த மனுஷனுக்கு எல்லாமே கேலி.

ஏழு மணிக்குப் புவனா வந்தாள். புதுப் புடவை, ஈரத்தலை, கையில் எவர்சில்வர் டப்பா. நான் தொண்டையைச் செருமினேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அக்கா, இது படைக்காதது. தைரியமாச் சாப்பிடுங்க."

டப்பாவை வாங்கிச் சமையலறைத் திண்டில் வைத்தேன். அவளும் பின்னாலேயே வந்தாள்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி வீராயி வந்து, 'உங்க அதிரசம் ஷோக்கா இருந்துச்சும்மா, எங்க வூட்டுப் புள்ளைங்க ரெண்டு நாளாத் துன்னுகினு இருந்துச்சுங்க'ன்னா. நான் அவளுக்குக் குடுக்கவே இல்லையேன்னு யோசிச்சேன். அன்னிக்கு முழுக்க ஒரே அழுகைக்கா. அப்புறம் விசாரிச்சப்பதான், படைச்சதை நீங்க சாப்பிட மாட்டீங்கன்னு சொன்னாங்க. அதுலேர்ந்து சட்டியிலேர்ந்து எடுக்கற முதல் ஈடு உங்க டப்பாவுக்குத்தான். ரெண்டாவது ஈடுதான் சாமிக்கு. அத்தை சத்தம் போட்டாங்க. 'சாமி கோவிச்சுக்காது அத்தை, ரோஸ்லினக்காதான் கோவிச்சுக்குவாங்க'ன்னுட்டேன்."

"ஏன்டி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க சங்கடப்படுவீங்களேன்னுதான். இது கடைசித் தீபாவளி. ஒண்ணாவது நீங்க சாப்பிட்டு நான் பாக்கணும்."

மூன்று வருஷம். அவள் தன் சாமிக்கு முன்னால் எனக்கு எடுத்து வைத்ததை நான் டப்பாவைத் திறந்துகூடப் பார்க்காமல் தள்ளிவிட்டிருக்கிறேன். அவமானமாக இருந்தது. ஒன்றை எடுத்துப் பிட்டு வாயில் போட்டேன். வெல்லமும் ஏலக்காயும் மணத்தது. கண்ணீர் வேறு வந்து தொலைத்தது.

"மன்னிச்சுக்கோ புவனா. அருமைன்னு வருஷா வருஷம் பொய்தான் சொன்னேன். இப்பத்தான் நெசமாச் சொல்றேன்."

"அட விடுங்கக்கா," என்று சிரித்தபடி திண்டில் சாய்ந்துகொண்டாள். "நீங்க டப்பாவுல போட்டுத் தர்ற பேப்பரெல்லாம் எடுத்து வச்சிருக்கேன். படிச்சும் பாத்தேன். எல்லாம் மெரட்டுற மாதிரி இருக்கு. ஆனா எங்க வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் ஆனப்ப ஒரு மாசம் சோறு கட்டிக் குடுத்தீங்களே, அந்த ரோஸ்லினக்கா வேற மாதிரி இருந்தாங்க. உங்க இயேசு யாருக்கா? உங்களுக்கு என்ன செஞ்சாரு? அதை நீங்க ஒருநாளும் சொல்லலையே?"

ஒத்திகை பார்த்த ஒரு வரியும் ஞாபகத்துக்கு வரவில்லை. யாரிடமும் சொல்லாததைச் சொல்ல ஆரம்பித்தேன். என் இரண்டாவது பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள் போனது. அதற்குப் பிறகு அந்த மழைக்காலம் முழுக்க, இந்த வாய் நீண்ட ரோஸ்லின், யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தேன். ஜெபம் பண்ணக்கூட வார்த்தை வரவில்லை. "அப்பவும் அவர் என்னை விட்டுப் போகல புவனா. பக்கத்துலயே இருந்தார். அதுதான் எனக்குத் தெரியும்," என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"புவனா, படைக்க நேரமாச்சு!" என்று அடுத்த வீட்டிலிருந்து பாலகுமார் குரல் கொடுத்தார்.

"இதோ வந்துட்டேன்!" என்று கிளம்பியவள் வாசலில் நின்றாள். "மீதியைச் சாயங்காலம் வந்து சொல்லுங்கக்கா. பாதியில விட்டா எனக்கு மனசு கேக்காது."

அதிரசங்களைத் தட்டில் மாற்றிவிட்டு டப்பாவைக் கழுவித் துடைத்தேன். பழக்கதோஷத்தில் கை அலமாரியில் இருந்த கைப்பிரதிக் கட்டுக்குப் போயிற்று. எடுத்ததைத் திரும்ப அங்கேயே வைத்தேன். டப்பாவில் இரண்டு பிடி சர்க்கரையைப் போட்டு மூடிவிட்டு, சாயங்காலம் எப்போது வரும் என்று உட்கார்ந்திருந்தேன்.