ஜங்ஷன் பஸ்ஸில் சர்க்கரைப் பொங்கல்

பெண் கேட்டு வருகிறவர்களை எங்கள் ஊரான நெரவிக்கு எங்கள் குடும்பம் வாடகை வண்டியில் அழைத்து வந்ததில்லை. என் அப்பா காலத்தில் வில்வண்டி, என் காலத்தில் அம்பாசடர். ஆகவே பாரீஸிலிருந்து கொழும்பு வழியாகத் திருச்சிக்கு வந்து இறங்கும் பிள்ளையின் அப்பா கைலாசநாதனையும் அவர் மனைவி சௌந்தரவல்லியையும் அழைத்துவர அம்பாசடர்தான் போகும் என்று சொல்லிவிட்டேன்.

"பெரியப்பா, அது பக்கத்துல இருக்கிற கோவில்பத்து தாண்டவே யோசிக்கிது. ஒரு இன்னோவா எடுத்துக்குவோமே" என்றான் சிவக்குமார். காலமான என் தம்பியின் மகன்.

"அத்தனை தூரம் பறந்து வர்றவங்கள அடுத்தவன் வண்டியிலயா கூட்டிட்டு வருவே?"

அவன் அம்பாசடரைக் கழுவப் போனான். கைலாசநாதனிடமும் போனில் அழுத்திச் சொல்லியிருந்தேன். "எங்க சொந்த வண்டி வரும். வாடகை வண்டியில உங்கள ஏற விடமாட்டேன்."

இதை வீம்பு என்று நினைப்பவர்கள் போன வருஷம் நடந்ததை அறியாதவர்கள். தம்பி போனபிறகு அவன் மகள் வெண்மதி என் பொறுப்பு. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகும்வரை பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். போன வருஷம் வந்தவர்கள் எல்லாம் பேசி முடித்து, இலை போட்டபிறகு, "பசிக்கல" என்று எழுந்துவிட்டார்கள். அவர்கள் காய்ந்த கையோடு இறங்கிப் போனதைத் தெருவே பார்த்தது. 'அப்பன் இல்லாத பொண்ணு' என்று யாரோ சொன்னது வெண்மதியின் காதிலேயே விழுந்தது. மறுநாள் அவள் வழக்கம்போல மின்துறை அலுவலகத்துக்குப் போய்விட்டாள். நான்தான் ஒரு வாரம் கடைத்தெருப் பக்கம் போகவில்லை.

இந்த முறை பிள்ளை அகரனும் பெண்ணும் போனில் பேசிக்கொண்டார்கள்; அவன் அம்மாவும் அப்பாவும்கூட அவளோடு பேசினார்கள். அகரன் நல்ல பையன் என்றாள் வெண்மதி. அவனுடைய தாய் தகப்பன் நேரில் வந்து முடிவு சொல்வதுதான் பாக்கி. எங்கள் பக்கத்தில் ஒரு குறையும் வந்துவிடக் கூடாது.

குறை திருச்சியை நெருங்கும்போது திருவெறும்பூரில் வந்தது. அம்பாசடர் ரோட்டோரமாகப் புகை விட்டுக்கொண்டு நின்றுவிட்டது.

"மெக்கானிக்கப் புடிச்சு சரி பண்ணிட்டு திருச்சி ஜங்ஷனுக்கு வந்துடறேன். நீங்க ஆட்டோவுல ஏர்போர்ட் போயி அவங்கள அங்க கூட்டிட்டு வந்துடுங்க" என்று சிவக்குமார் ஒரு தூக்குவாளியை என் கையில் திணித்தான். அதில் சர்க்கரைப் பொங்கல். நல்ல காரியத்துக்குப் போகிற வண்டியில் இனிப்பு இருக்கவேண்டும் என்பது என் மனைவி அஞ்சுகத்தின் கட்சி. எங்கள் இருவருக்காகக் கொடுத்தனுப்பியது. இன்னும் திறக்கவில்லை.

விமான நிலைய வாசலில் இருவரும் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கை கூப்பினேன்.

"வண்டி எங்க நிக்கிது?" என்றார் கைலாசநாதன்.

பின்னால் வருகிறது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"திருவெறும்பூர்ல நிக்கிது" என்றேன். நடந்ததையும், சிவக்குமார் ஜங்ஷனுக்கு வண்டியோடு வந்துவிடுவான் என்பதையும் சொன்னேன்.

"அதுக்கென்ன, ஒரு டாக்ஸி புடிப்போம்."

"அதெப்படி?" என்றார் சௌந்தரவல்லி. "வாடகை வண்டியில ஏற விடமாட்டேன்னு ஐயா சொல்லியிருக்காங்கள்ல? பஸ்ஸு அரசாங்க வண்டி. அதுல போனா ஐயா வாக்கும் தப்பாது."

"ராத்திரி பூரா பிளேன்ல வந்துட்டு இப்ப பஸ்ஸா?"

"உக்காந்துதானே வந்தீங்க? கொஞ்சம் நில்லுங்க."

கேலியா மரியாதையா என்று எனக்கு விளங்கவில்லை. அந்த அம்மாள் அதற்குள் ரோட்டைத் தாண்டிப் பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டார்.

புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்த ஜங்ஷன் பஸ்ஸில் ஏறினோம். "பெட்டி உக்காரக் கூடாது, மனுசங்க உக்காரலாம்" என்றார் கண்டக்டர். சௌந்தரவல்லிக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முன் இருக்கையும் காலியாகத்தான் இருந்தது. விருந்தாளி நிற்கும்போது நான் உட்கார முடியாது. நான் நிற்பதால் கைலாசநாதனும் உட்காரவில்லை. நீங்க உக்காருங்க, நீங்க உக்காருங்க என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருக்கையில் ஒரு பூக்காரம்மா கூடையோடு அதில் உட்கார்ந்துவிட்டார்.

"பெரியவரே, ரொம்ப விறைப்பா நிக்காதீங்க. பிரேக் போட்டா அப்படியே சாஞ்சிடுவீங்க" என்றார் கண்டக்டர். பஸ் சிரித்தது. வரப்போகும் சம்பந்தி வீட்டார் எதிரில் இப்படி ஆகிவிட்டதே என்று எனக்குக் காது சுட்டது.

சற்றுப் போனதும் சௌந்தரவல்லி முன் கம்பியில் தலையைச் சாய்த்தார். விரல்கள் நடுங்கின. நெற்றியெல்லாம் வேர்வை.

"சர்க்கரை இறங்கிடுச்சு" என்று கைலாசநாதன் பதறினார். "சர்க்கரை மாத்திரையப் போட்டுட்டா, ஆனா காலையில ஒண்ணும் சாப்பிடல. மிட்டாய் பெரிய பெட்டியில கெடக்கு." அந்தப் பெட்டி மற்ற மூட்டைகளுக்கு அடியில் இருந்தது.

என் கையில் தூக்குவாளி. ஒரு கணம் தயங்கினேன் என்பது உண்மை. பெண் வீட்டுச் சோறு. வேண்டாம் என்று அவர் தலையாட்டினால், போன வருஷத்து அவமானம் இந்த முறை பஸ் நிறைய ஜனங்களுக்கு முன்னால் நடக்கும். கம்பியைப் பிடித்திருந்த அவர் கை நழுவியது. நான் மூடியைத் திறந்துவிட்டேன்.

"அம்மா, சாப்பிடுங்க."

அவர் யோசிக்கவில்லை. கையால் அள்ளி ஒரு வாய், இன்னொரு வாய். பூக்காரம்மா தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்று முகம் தெளிந்தது. கையெல்லாம் நெய். நான் தூக்குமூடியைக் கீழே பிடித்தேன், அவர் அதில் கை கழுவினார்.

அப்போது சொல்லவேண்டியதைச் சொன்னேன்.

"அம்மா, இது கை நனைச்ச கணக்குல சேராது. உடம்புக்கு முடியாம சாப்பிட்டது. வீட்டுக்கு வாங்க, பொண்ணப் பாருங்க, யோசிச்சு முடிவு சொல்லுங்க. வேணாம்னு தோணினாலும் வருத்தமில்ல. இத நான் வெளியில சொல்லமாட்டேன்."

சௌந்தரவல்லி கணவரைப் பார்த்தார். கைலாசநாதன் தூக்குவாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்றார்.

"இல்லீங்க" என்றேன், புரியாமல்.

"அப்ப நான் சாப்பிட்டா கணக்குல சேரும்ல?"

கையை விட்டு ஒரு பெரிய கவளமாக அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். முந்திரியை மென்றபடி மூடியில் தன் கையையும் கழுவினார். மூடியிலிருந்த தண்ணீர் என் வேட்டியில் சிந்தியது.

"வெண்மதிய எங்களுக்குப் போன்லயே புடிச்சுப்போச்சு" என்றார் சௌந்தரவல்லி. "பெரியப்பா ரொம்பக் கெடுபிடின்னு கேள்விப்பட்டோம். அதுதான் பயம். வண்டி எங்கன்னு கேட்டப்ப திருவெறும்பூர்னு உள்ளத உள்ளபடி சொன்னீங்க பாருங்க, அப்பவே எனக்குப் பயம் போயிடுச்சு."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

பூக்காரம்மா எழுந்து நகர்ந்து நின்றார். "எங்களுக்குத் தெரியாம நிச்சயமே நடந்துட்டுதா? உக்காருங்க ரெண்டு பேரும்" என்று சொல்லி, சௌந்தரவல்லியின் மடியில் ஒரு முழம் மல்லிகையை வைத்தார்.

"சம்பந்தி, இனியாச்சும் உக்காருங்க" என்றார் சௌந்தரவல்லி.

அதுவரை என்னை ஐயா என்று அழைத்தவர்.

உட்கார்ந்தேன். பக்கத்தில் கைலாசநாதனும் உட்கார்ந்தார். ஜங்ஷன் வருவதற்குள் அஞ்சுகத்துக்குப் போன் செய்தேன். "இலை நறுக்கி வை. கை நனைச்சாச்சு" என்றேன். எங்கே, எப்படி என்று அவள் கேட்டுக்கொண்டேயிருந்தாள். பஸ் இரைச்சலில் கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.

தூக்குவாளியில் இன்னும் கொஞ்சம் இருந்தது. கண்டக்டரைக் கூப்பிட்டேன்.