தராசு சாட்சி

"ஹச்ச்சூ!"

கடைக்குள் ஆறுமுகநயினார் மிளகாய் வத்தல் மூட்டையைப் பிரித்த நேரம் பார்த்து உள்ளே வந்த முத்துக்கனி, தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு தும்மல் போட்டாள். உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, தொப்புள்கிட்ட எலுமிச்சங்காய் கணக்கா என்னமோ எட்டிப் பாக்குது."

ஆறுமுகநயினாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனைவிக்குக் கர்ப்பப்பையை எடுத்து மூன்று வாரம்தான் ஆகிறது. வயிற்றைக் கிழிக்காமல், சின்னச் சின்னத் துளை போட்டுக் கேமராவை விட்டுச் செய்த ஆபரேஷன். 'இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது' என்று டாக்டர் சொன்னதுதான் தாமதம், பலசரக்குக் கடைத் தராசு பின்கட்டு அடுப்படிக்குக் குடிபோய்விட்டது. செம்பு, இட்லிச் சட்டி, ஈரத் துண்டு எல்லாம் எடை பார்த்த பிறகே அவள் கைக்குப் போகும். ஓட்டப்பிடாரத்திலிருந்து பார்க்க வந்த கொழுந்தியாள் முத்துச்செல்வி நீட்டிய மக்ரூன் இனிப்பு டப்பாவைக்கூட அவர் எடை போடாமல் விடவில்லை.

"ஒரு கிலோ மக்ரூனுக்கா அத்தான் இந்தப் பாடு?"

"டப்பா எடைன்னு ஒண்ணு இருக்குல்லா, ஏளா!"

காயத்துக்கு மருந்து போடுவதையும் அவரே ஏற்றுக்கொண்டார். போன வாரம் பிளாஸ்திரியைப் பிரித்துத் தையலைப் பார்த்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழித்தபோது கட்டிலில் கிடந்தார். அந்த மயக்கத்திலும் தானே நடந்து வந்து படுத்திருக்கிறோமே என்று தன்னை மெச்சிக்கொண்டார்.

இப்போது ஆட்டோவில், தொண்ணூறு கிலோ உடம்பைச் சுருக்கி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, "ஏலே, மெதுவாப் போ! உள்ள இருக்கது வெளிய வந்துறப் போவுது!" என்று வழி நெடுகக் கத்தினார். உப்பு லாரிகளெல்லாம் அவர்களை முந்திப் போயின.

ஆபரேஷன் செய்த டாக்டர் ரிஃப்கா முத்துக்கனியைப் படுக்க வைத்தார். வீக்கம் மறைந்தது. இருமச் சொன்னார். எட்டிப் பார்த்தது.

"துளை போட்ட இடத்துல குடலிறக்கம், அண்ணாச்சி. ரொம்ப அபூர்வமா வரும். இப்ப கொழுப்புதான் வெளிய வருது. குடல் வந்து சிக்கினா ஆபத்து. சின்னதா இன்னொரு ஆபரேஷன் பண்ணித் தச்சிரலாம்."

"மறுபடியுமா?" அவருடைய பயம் அப்படியே கோபமாக மாறியது. "கோணி ஊசியால தச்சாக்கூட நின்னுருக்கும்! நீங்க என்னத்தத் தச்சிய?"

"தச்சது தாங்காமப் போறதும் உண்டு, அண்ணாச்சி. அம்மா, கனமா எதையாவது தூக்குனீங்களா?"

"இவளா? ரெண்டு கிலோவுக்கு மேல ஒரு துரும்பத் தூக்கல. தராசு சாட்சி!"

முத்துக்கனி மின்விசிறியைப் பார்த்தாள்.

அவருக்குச் சந்தேகம் தட்டியது. "ஏளா, அரிசி மூட்டையத் தூக்குனியா? சிலிண்டரா? மறைக்காமச் சொல்லு. உன் உசுருளா!"

அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"தையலப் பாத்துட்டுத் தரையில மல்லாந்து கெடந்தாவ, டாக்டரம்மா. இவியளத்தான் தூக்கிக் கட்டில்ல போட்டேன்."