வெள்ளிக்கிழமைப் பரிசு

பிள்ளைகளுக்கு அடிக்கக்கூடாது என்று தாய் தகப்பன்மாருக்குச் சொல்லிக் கொடுக்கும் பட்டறை ஒன்று துணுக்காய்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நடந்தது. வன்னியில் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. கோழி வளர்க்க ஒரு பட்டறை, கை கழுவ ஒரு பட்டறை, கவலையை மறக்கவும் ஒரு பட்டறை. எதற்குப் போனாலும் தேத்தண்ணியும் பணிசும் நிச்சயம். ஜெயரூபியும் கச்சான் கடலைத் தோட்டத்தில் களை பிடுங்குவதைப் பாதியில் விட்டு, முகம் கழுவி, நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு போயிருந்தாள். அவளுடைய ஒரே மகள் கம்சிகா அங்கேதான் நாலாம் வகுப்புப் படித்தாள்.

பட்டறை நடத்த வந்த பெண் சிரித்த முகத்தோடு பேசினாள். பிள்ளை வீட்டுவேலை செய்தால், பாடத்தை ஒழுங்காகப் படித்தால், பரிசு கொடுக்க வேண்டுமாம். காசு கொடுத்து வாங்கித்தான் கொடுக்க வேண்டும் என்றில்லையாம். பிள்ளைக்கு உலகத்திலேயே எது விருப்பமோ அதைக் கண்டுபிடியுங்கள், அதைவிட நல்ல பரிசு கிடையாது என்றாள். மற்றத் தாய்மார் ஐஸ்கிறீம் என்றும் கார்ட்டூன் என்றும் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். ஜெயரூபிக்கு யோசிக்க எதுவும் இருக்கவில்லை. கம்சிகாவுக்கு உலகத்திலேயே விருப்பமானது அவளுடைய அப்பாதான்.

அப்பா சுகிர்தன் கட்டாரில் கட்டட வேலையில் இருந்தான். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. அன்று பின்னேரம் வட்ஸ்அப்பில் முகம் காட்டிக் கதைப்பான். போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, தான் கூரையில் வௌவாலாகத் தொங்குவதாக மகளுக்குச் சத்தியம் பண்ணுவான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். ஜெயரூபிக்குக் கிடைப்பதெல்லாம் கடைசியில் மிஞ்சுகிற கொஞ்ச நேரம்தான். அதில் அவளுக்குக் குறையொன்றும் இருக்கவில்லை.

அதுவரை சும்மா கிடைத்துக்கொண்டிருந்த வெள்ளிக்கிழமையை அவள் பரிசாக்கினாள். முற்றம் கூட்ட வேண்டும், கோழிகளைத் திறந்துவிட வேண்டும், சாப்பிட்ட கோப்பையைக் கழுவ வேண்டும், வாய்ப்பாடு பாடமாக்க வேண்டும். கிழமை முழுக்க ஒழுங்காகச் செய்தால் அப்பாவோடு கதைக்கலாம், இல்லாவிட்டால் இல்லை. சுகிர்தனும் சிரித்துக்கொண்டே சம்மதித்தான். அன்றைக்கே யாராவது ஜெயரூபியின் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்திருக்கலாம். தகப்பனோடு கதைக்கப் பிள்ளை எதற்குக் கூலிவேலை செய்ய வேண்டும் என்று கேட்க அந்த ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சட்டம் நன்றாகத்தான் ஓடியது. வேலை ஏவினால் முகத்தைச் சுளிக்கிற கம்சிகா, விடிந்ததும் விளக்குமாறைத் தூக்கினாள். வெள்ளிக்கிழமை போன் அடித்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல், “அப்பா, நான் இந்தக் கிழமையும் பாஸ்,” என்பாள். அடி இல்லை, ஏச்சு இல்லை, வீடும் துப்புரவு. பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட என்ன மந்திரம் போட்டாய் என்று ஜெயரூபியைக் கேட்டார்கள். அவளுக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

பிறகு சுகிர்தனின் கதை சுருங்கத் தொடங்கியது. ஒரு வெள்ளி பிந்தி எடுத்தான், இன்னொரு வெள்ளி அவசரமாக வைத்தான். வௌவால் விளையாட்டும் நின்றுபோனது. ஒரு நாள் மகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம் பார்த்து, முகத்தைக் காட்டாமல் எடுத்தான்.

“ரூபி, எனக்கு இஞ்ச வேற ஒரு குடும்பம் வந்திட்டுது,” என்றான். “இனி நான் எடுக்கமாட்டன். பிள்ளையின்ர முகத்தைப் பாக்க என்னால ஏலாது. அவவுக்கு நீயே ஏதும் சொல்லு.”

ஏதும் என்றால் என்ன என்று அந்தத் துணிச்சல்காரன் சொல்லவில்லை. செய்த வேலையைத் தான் செய்துவிட்டு, சொல்லுகிற வேலையை அவளுடைய தலையில் கட்டிவிட்டுப் போனை வைத்தான். அதற்குப் பிறகு அவள் எடுத்த போதெல்லாம் அவனுடைய இலக்கம் வேலை செய்யவில்லை. ஜெயரூபி கச்சான் பாத்திக்குள்ளேயே குந்தியிருந்து, மண் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பள்ளிக்கூடம் விடுவதற்குள் அழுது முடித்துவிட வேண்டும் என்ற அவசரமும் அந்த அழுகைக்குள் இருந்தது.

அப்பா இனி வரமாட்டார் என்று பிள்ளையிடம் சொல்லுவது மற்ற ஊர்களில் எப்படியோ தெரியாது. அந்த ஊரில் அது சொல்லப்படாத சொல். யுத்தத்தின் கடைசி நாட்களில் காணாமல் போனவர்கள் இல்லாத வீடு அங்கே குறைவு. ஜெயரூபியின் அண்ணனும் அப்படிப் போனவன்தான். அவனைப் பற்றி வீட்டில் ஒருவரும் இத்தனை வருடத்தில் ‘வரமாட்டான்’ என்று வாய் திறந்ததில்லை. யாராவது அப்படிச் சொன்னால் அவர்களே அவனைக் கொன்றதுபோல ஆகிவிடும். அந்தச் சொல்லை விழுங்கியே வளர்ந்தவள் அவள். உயிரோடு, நல்ல சுகத்தோடு கட்டாரில் இருக்கிறவனுக்கும் அந்தச் சொல் அவளின் தொண்டையை விட்டு வெளியே வரவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. கம்சிகா தலை வாரி இழுத்து, பொட்டு வைத்து, போனைச் சீனிப் போத்தலில் சாத்திவைத்துவிட்டு அதற்கு எதிரே இருந்தாள். இருட்டுப்பட்டது, போன் அடிக்கவில்லை. அவள் திரும்பித் தாயைப் பார்த்தாள். ஏதாவது சொல்லியாக வேண்டும். அந்த நேரம் பார்த்து, மேசையில் விரித்துக் கிடந்த கணக்குக் கொப்பியில் ரீச்சரின் சிவப்புப் பேனைக் கீறல் ஜெயரூபியின் கண்ணில் பட்டது.

“கணக்கில பிழை விட்டிருக்கிறாய்,” என்றாள். “நான் அப்பாட்டச் சொல்லிப்போட்டன். அதுதான் இந்தக் கிழமை இல்லை.”

கம்சிகா அழுவாள், அடம்பிடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். பிள்ளை ஒன்றும் செய்யவில்லை. அப்ப அடுத்த கிழமை என்று சொல்லிவிட்டு, கொப்பியை எடுத்து அந்தக் கணக்கைத் திரும்பச் செய்தாள். முதலில் ஜெயரூபிக்கு வந்தது நிம்மதிதான். ஒரு கிழமை தப்பினோம் என்றுதான் நினைத்தாள். சட்டம் ஏற்கெனவே வீட்டில் இருந்தது, பிள்ளை அதை நம்பியது, பொய்க்குப் புதிதாக ஒன்றும் தேவைப்படவில்லை.

ஆனால் வெள்ளிக்கிழமை கிழமைக்கொரு தரம் வருகிற சாமான். ஒவ்வொரு வெள்ளிக்கும் அவளுக்கு ஒரு குற்றம் தேவைப்பட்டது. முற்றத்து மூலையில் சருகு கிடக்குது என்றாள். அடுத்த கிழமை மூலையில் சருகு இருக்கவில்லை. கோழிக்குத் தண்ணி வைக்கவில்லை என்றாள். பிறகு தண்ணிச் சட்டி எந்நேரமும் நிரம்பியே இருந்தது. எழுத்துச் சரிவு, பாய் சுருட்டினது வடிவாயில்லை, பால்மா தேநீரை மிச்சம் விட்டாய். தாய் ஒரு குறை சொல்ல, மகள் அந்த வழியை அடைத்துவிடுவாள். பிள்ளைகளிடம் உள்ள நல்லதைத் தேடுங்கள் என்றுதான் பட்டறையில் சொன்னார்கள். ஜெயரூபியோ குற்றமேயில்லாத பிள்ளையில் குற்றம் தேடித் திரிந்தாள். வியாழக்கிழமைகளில் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை.

கம்சிகா சொல்லாத வேலைகளையும் செய்யத் தொடங்கினாள். கிணற்றில் வாளி வாளியாக அள்ளினாள். கரிப்பிடித்த சட்டிகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்ததில் விரல் நுனித் தோல் உரிந்தது. எண்ணெய் பூசிவிட்ட ஜெயரூபி, இனிச் சட்டி கழுவ வேண்டாம் என்று கண்டித்தாள். அப்படியென்றால் வேறு என்ன செய்யட்டும் என்று பிள்ளை கேட்டது. விளையாடப் போ என்றால் போகாது. விளையாட்டுக்கு யாரும் பரிசு தருவதில்லை என்று அதற்குத் தெரிந்திருந்தது.

தவணைப் பரீட்சை முடிந்த கையோடு சுமித்திரா ரீச்சர் வரச்சொல்லி ஆள் அனுப்பினா. கம்சிகாவின் வகுப்பாசிரியை அவா. ஜெயரூபி பயந்துகொண்டு போனாள். ரீச்சர் கதிரை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னா. கம்சிகாதான் வகுப்பில் முதலாம் பிள்ளையாம். அந்தப் பட்டறைக்காரர் திரும்ப வருகினமாம், வீட்டில் எப்படிப் பழக்கினீர்கள் என்று மற்றத் தாய்மாருக்கு ஜெயரூபி எழும்பி நாலு வார்த்தை சொன்னால் நல்லதாம். ஜெயரூபிக்கு உடம்பெல்லாம் கூசியது. அதற்குப் பிறகுதான் ரீச்சர் குரலைத் தாழ்த்தினா.

“ஒண்டு சொல்லவேணும், குறை நினைக்காதேங்கோ. கணக்குப் பேப்பர் குடுத்த அண்டைக்குப் பிள்ளை என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதவ. ரெண்டே ரெண்டு மாக்ஸ்தான் குறைவு. அதையும் போட்டுவிடுங்கோ ரீச்சர், இல்லாட்டி அப்பா என்னோட கதைக்கமாட்டார் எண்டு கெஞ்சினவ. உங்கட அவரிட்டச் சொல்லுங்கோ, கொஞ்சம் இறுக்கத்தைக் குறைக்கச் சொல்லி. சின்னப் பிள்ளையல்லோ.”

சொல்லுறன் ரீச்சர் என்று மட்டும் சொல்லிவிட்டு ஜெயரூபி எழும்பினாள். விட்டு ஓடியவனுக்குக் கண்டிப்பான தகப்பன் என்ற பெயர் கிடைத்திருக்கிறது, தனக்கு நல்ல தாய் என்ற பெயர் கிடைத்திருக்கிறது, அடி மட்டும் பிள்ளைக்கு. சைக்கிளை மிதிக்க மிதிக்க அவளுக்குத் தன்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. சுகிர்தன் ஒரு நாள் விட்டுப்போனான். நான் அவனைக் கிழமைக்குக் கிழமை பிள்ளையை விட்டுப்போக வைத்தேன் என்று நினைத்தாள். இன்றைக்கே சொல்லிவிட வேண்டும், தொண்டை கிழிந்தாலும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவெடுத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது கம்சிகா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஜெயரூபி அவளைக் கையைப் பிடித்து எழுப்பி, மடியில் இருத்திக்கொண்டாள். மடியில் இருக்கிற வயதில்லை என்று பிள்ளை நெளிந்தது. அவள் விடவில்லை.

“அப்பா எடுக்காதது உன்ர பிழையில்லை, குஞ்சு. நீ எல்லாம் சரியாத்தான் செய்தனி. நான்தான் உனக்குப் பொய் சொன்னனான். அப்பாவுக்கு அங்க வேற ஒரு குடும்பம் இருக்கு. அவர் இனி எடுக்கமாட்டார். வரமாட்டார்.”

சொல்லிவிட்டாள். வீடு இடிந்து விழவில்லை. கம்சிகாவின் கண் கலங்கவில்லை. அவளுடைய நெற்றி மட்டும், கணக்குச் செய்யும்போது சுருங்குவதுபோலச் சுருங்கியது. அந்த வீட்டில் பிள்ளை இருக்கிறதா என்று கேட்டாள்.

இனி ஒரு பொய்யும் சொல்லுவதில்லை என்று ஜெயரூபி வழியிலேயே நினைத்திருந்தாள். சுகிர்தனோடு இருக்கும் பெண்ணுக்கு முதல் கலியாணத்தில் ஒரு மகள் இருப்பதாகக் கட்டாரில் நிற்கும் ஊரவன் ஒருவன் மூலம் அவளுக்குத் தெரியவந்திருந்தது. ஓம் என்றாள். ஒரு பொம்பிளைப் பிள்ளை, உன்ர வயதுதான் என்றாள்.

கம்சிகா அதையும் யோசித்தாள். பிறகு தாயின் மடியிலிருந்து இறங்கி, தேங்காய்ப்பூ ஒட்டியிருந்த கையைச் சட்டையில் துடைத்தாள்.

“அவ என்னென்ன வேலை செய்யிறவ எண்டு கேட்டுச் சொல்லுங்கோம்மா,” என்றாள். “நானும் பழகிறன்.”