மூட்டைப்பூச்சிகளின் குறுக்கெழுத்து

பஃபலோ ரோட்டில் ஜேசுதாசன் குடியிருந்த மாடி அறையின் சுவரில், தினமும் காலையில் மூட்டைப்பூச்சிகள் குறுக்கெழுத்துக் கட்டம் போட்டு நின்றன. ஜப்பானியர் ஊருக்கு வைத்த டோக்கியோ நேரப்படி அவன் எட்டரைக்கு எழுவான். அப்போதுதான் வெளிச்சம் வரும். பாயைச் சுருட்டுவான். சுவரைப் பார்ப்பான். குறுக்கே பதினைந்து, நெடுக்கே பதினைந்து. கறுப்புக் கட்டம் வர வேண்டிய இடத்திலெல்லாம் ரத்தம் குடித்துப் பருத்த பூச்சிகள் விளிம்பு பிசகாமல் நெருக்கியடித்து நிற்கும். தலைகீழாகப் பார்த்தாலும் அதே வடிவம், பத்திரிகையில் வருவது போலவே. ஈரத்துணியால் ஒரே இழுப்பாகத் துடைப்பான். அழுகிய கொத்தமல்லி நாற்றம் எழும். துணியில் ஒட்டுவது அவனுடைய ரத்தம்தான். தகர வாளியில் அதை அலசி, தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றி, அவித்த மரவள்ளிக்கிழங்கில் இரண்டு துண்டு தின்றுவிட்டு வேலைக்குப் போவான். இது 1943 மார்ச்சில், அவன் மனைவி குணமணி மலேரியாவில் இறந்த ஒன்பதாம் நாள் தொடங்கியது. கீழ்வீட்டு பாக்கியலட்சுமி ஒருமுறை துணி காயப்போட வந்தவள் இதைப் பார்த்தாள். படித்தவன் வீட்டுப் பூச்சியும் படித்துத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு, சேலையை உதறிக் கொடியில் போட்டாள்.

குணமணிக்குக் குறுக்கெழுத்து என்றால் சோறு வேண்டாம். கன்னிமாடத்துப் பள்ளியில் படித்தவள். ஆங்கிலப் பத்திரிகையின் குறிப்புகளை ஒருமுறை படிப்பாள், பென்சிலால் விடையை எழுதிவிடுவாள். ஏன் அந்த விடை என்று அவளுக்குச் சொல்ல வராது. அதைக் கண்டுபிடித்து விளக்குவது கல்லூரியில் படித்த ஜேசுதாசனின் வேலை. கல்யாணமான மூன்று வருடமும் அவர்கள் பேசியதில் பாதி இதுதான். ஊர் ஜப்பானியர் கைக்குப் போய் அந்தப் பத்திரிகை நின்றதும், சேர்த்து வைத்த பழைய பத்திரிகைக் கட்டிலிருந்து நாளுக்கு ஒன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் இறந்த பிறகு அந்தக் கட்டை அவன் சிராங்கூன் ரோட்டில் மளிகைக்கடை வைத்திருந்த நாகூர் கனியிடம் கொடுத்து மரவள்ளி மாவு வாங்கினான். மாவை அன்றிரவே அடையாகச் சுட்டான். தின்றான்.

ஜூலையில் அந்தத் தாள்களில் ஒன்று அவன் மேசைக்கு வந்தது. கடிதங்களையும் அச்சுத் தாள்களையும் சோதிக்கும் ஒரு ராணுவ அலுவலகத்தில் அவன் மொழிபெயர்ப்புக் குமாஸ்தா. கனியின் கடையில் வாங்கிய கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்த ராணுவச் சமையல்காரன், பென்சிலால் நிரப்பிய கட்டங்களைப் பார்த்து மேலே கொடுத்திருக்கிறான். அன்று மாலையே கனியைப் பிடித்துவந்து கீழ்த்தளத்தில் போட்டார்கள். குணமணியின் உருண்ட எழுத்தின் மேல் மீன் எண்ணெய் ஊறிக் கிடந்தது. ஒரு செதிலும் ஒட்டியிருந்தது. யார் எழுத்து என்று ஜேசுதாசன் சொல்லவில்லை. சொன்னால் கீழ்த்தளத்துக்கு அவன் போக வேண்டியிருக்கும். இது பொழுதுபோக்கு, இங்கிலாந்தில் பாட்டிமார் தேநீர் குடித்துக்கொண்டே செய்வது என்று மட்டும் சொன்னான். அதிகாரி மொரிதா நகம் வெட்டிய சுத்தமான கைகளைக் கொண்டவர், நல்ல ஆங்கிலம் பேசுவார். அப்படியானால் ஒவ்வொன்றாக விளக்கு என்றார்.

மூன்று நாள் விளக்கினான். வண்டிக்குதிரை என்று எழுதியிருந்தால் குதிரையைத் தேடக்கூடாது, அந்த ஆங்கிலச் சொல்லின் ஒன்பது எழுத்தையும் கலைத்துப் போட்டால் இசைக்குழு வரும். மாலுமி என்றால் ஆங்கிலக் கொச்சையில் தார், மூன்றே எழுத்து. மாலுமி திரும்பி வந்தான் என்றால் அந்த மூன்று ஆங்கில எழுத்தையும் பின்னாலிருந்து படிக்க வேண்டும், எலி வரும். கப்பலுக்குள் ஏதாவது இருக்கிறது என்றால் கப்பல் பெயருக்கு முன்னால் போடும் இரண்டு எஸ்ஸையும் இருபக்கமும் நிறுத்தி நடுவில் மற்றதை வைக்க வேண்டும். மொரிதா மாலுமி, கப்பல், எலி என்று எழுதிக்கொண்டார். செம்பவாங் கடற்படைத் தளம் எத்தனை மைல் என்று கேட்டார். எவ்வளவு நேர்மையாக விளக்கினானோ அவ்வளவுக்கு அது சதியாகத் தெரிந்தது. கீழேயிருந்து கனியின் குரல் வரும். வரும்போது மொரிதா மரியாதையாகக் காத்திருப்பார், நின்றதும் அடுத்தது என்பார். குணமணி போனபிறகு தான் இவ்வளவு நேரம் வாய் திறந்து பேசியதே இல்லை என்பதும், அது தனக்கு நன்றாக இருக்கிறது என்பதும் இரண்டாம் நாள் மதியம் ஜேசுதாசனுக்கு உறைத்தது. எழுந்து குழாயடிக்குப் போனான். வாயைக் கழுவிக்கொண்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

பதினேழாம் குறிப்பில் மாட்டிக்கொண்டான். தண்ணீர் என்று விடை எழுதியிருந்தது. அவன் ஏதோ சுற்றி வளைத்துச் சொன்னான். மொரிதா மூன்று நாளில் நல்ல மாணவராகியிருந்தார். தானே பென்சிலை எடுத்துக் குறிப்பிலுள்ள எழுத்துகளைக் கலைத்துப் பார்த்தார். பந்தயம் என்ற ஆங்கிலச் சொல் வந்தது, தண்ணீருக்கும் அதற்கும் ஒரே எழுத்துதான் வித்தியாசம்.

“இங்கே பந்தயம் என்று வரவேண்டும். தண்ணீர் என்று ஏன் இருக்கிறது?”

நீர்த்தேக்கங்களின் வரைபடம் மேசைக்கு வந்தது. நகரத்தின் தண்ணீரில் கை வைக்கப் பார்த்தான் என்று கனியின் பேரில் எழுதினார்கள். வெள்ளிக்கிழமை மதியம் லாரி. அந்த லாரியில் ஏறிய யாரும் திரும்பியதில்லை.

வியாழக்கிழமை மாலை கனியின் மனைவி மைமூன் அலுவலக வாசலில் கஞ்சிச் சட்டியோடு நின்றாள். நாலு நாளாக நிற்கிறாள். சட்டியை யாரும் வாங்கவில்லை, கஞ்சி புளித்து நுரைத்திருந்தது.

“தம்பி, தாளு யாரு வீட்டுதுன்னு எனக்கே தெரியும். எங்க வீட்டுக்காரவுகளுக்குத் தெரியாதா? மூணு நகம் போயிருச்சாம். இன்னும் ஒங்க பேரு அவுக வாயில வரல. நீங்க மேல ஒக்காந்து என்னதான் பேசிக்கிட்டு இருக்கீங்க?”

“விளக்கம் சொல்றன், அக்கா.”

“ஒங்க வெளக்கத்துல தீய வைக்க” என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை.

மறுநாள் காலை சுவரில் நின்றது அந்தக் கருவாட்டுத் தாளின் கட்டம். அவன் துடைக்காமல் வேலைக்குப் போனான்.

பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடலாம். சுவரில் அதே கட்டம் நிற்கிறது என்று ஜேசுதாசன் சொன்னதைச் சரிபார்க்க மொரிதா அன்று காலையே மூக்கில் கைக்குட்டையோடு மாடியேறி வந்தார். தாளைச் சுவருக்கு நேராகப் பிடித்து ஒவ்வொரு கட்டமாகச் சரிபார்த்தார். வித்தியாசம் இல்லை. எழுதியவர் இறந்த பெண், உறுதி செய்தவை பூச்சிகள் என்று கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பாக்கியலட்சுமி கொடுத்த தண்ணீரில் மூன்றுமுறை கை கழுவினார். லாரி கனி இல்லாமல் போனது. உண்மையை மறைத்ததற்காக ஜேசுதாசனைப் பதினொரு நாள் கீழ்த்தளத்தில் வைத்தார்கள். இரண்டு பல் போயிற்று. வெளியே வந்தபோது கனி அவனுக்கு மாவு கொடுத்தார், பேசவில்லை. அதன்பிறகு அவர் கடையில் எதையும் தாளில் மடிக்கவில்லை, வாழையிலைதான். சுகாதாரக்காரர்கள் அறையில் கந்தகம் புகைத்தார்கள். 1945இல் திரும்பி வந்த வெள்ளைக்காரர்கள் புதிதாக ஒரு மருந்து அடித்தார்கள். மறுநாள் காலை பதினைந்துக்குப் பதினைந்து நின்றது. பிறகு குடிவந்தவர்கள் அந்தச் சுவரில் மட்டும் ஆணி அடிப்பதில்லை, காலையில் துடைப்பார்கள். வாடகை பக்கத்து அறைக்கு உள்ளதுதான்.

அந்த வெள்ளிக்கிழமை, மொரிதா மாடியேறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், அலுவலக மேசைக்கு எதிரே நின்று ஜேசுதாசன் இது என் மனைவியின் எழுத்து என்றான். தாளை விற்றவன் நான் என்றான். மொரிதா அதற்கெல்லாம் அசையவில்லை. பதினேழு, என்றார். மற்றதெல்லாம் சரியாகப் போட்டவள் இதை மட்டும் ஏன் தண்ணீர் என்று எழுதினாள்?

காய்ச்சல் ஐந்தாம் நாள், என்றான். பாயில் படுத்தபடியே எழுதினாள். தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாள். கொதித்தது ஆறட்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அது போதாது என்றார் மொரிதா. தவறு என்று அவளுக்குத் தெரியுமா? தெரிந்தால் யாரிடம் சொன்னாள்? என்ன சொன்னாள்?

ஜேசுதாசன் இதை யாரிடமும் சொன்னதில்லை. கடைசியில் என்ன சொன்னாள் என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது கர்த்தரின் நாமத்தைச் சொன்னாள் என்றான். போதகர் அதைக் கல்லறையில் எடுத்துச் சொல்ல, எல்லாரும் அழுதார்கள். அவளுடைய கடைசிப் பேச்சாக உள்ளது இது ஒன்றுதான். இதை இந்த மனிதரின் சுத்தமான கைகளில் வைக்க வேண்டும். எச்சிலைத் துப்புவதைப் போல ஆங்கிலத்தில் சொன்னான். மொரிதா பேனாவைத் திறந்தார். கோப்புக்கு அது போதாது, அவளுடைய பாஷையில், அவள் சொன்னபடியே வேண்டும் என்றார். ஜேசுதாசன் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்ல, அவர் தம் எழுத்தில் எழுதிக்கொண்டார்.

“பதினேழு பிழையாப் போட்டுட்டன். அழிச்சு விடுங்கோ.”